தலைக்கவசம் மட்டும் போதுமா?

ஹாக்கி என்றதும் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவது புல்தரை, வளைந்த மட்டை, வெள்ளைப் பந்து ஆகியவைதாம். கனடா நாட்டு மாணவன் ஒருவனிடம் போய் 'ஹாக்கி' என்று சொல்லிப் பாருங்கள். அவனுக்குப் புல்லும் நினைவுக்கு வராது, பந்தும் நினைவுக்கு வராது. பளிங்குபோல் வழவழக்கும் பனிக்கட்டித் தரையும், அதன்மேல் வழுக்கி ஓடும் கறுப்பு ரப்பர் வில்லையுமே நினைவுக்கு வரும். அங்கே இதை 'ஐஸ் ஹாக்கி' என்று சொல்வதுகூட அரிது. ஹாக்கி என்றாலே அதுதான். தயான்சந்த் ஆடிய நம் ஆட்டத்துக்குத்தான் அவர்கள் 'ஃபீல்டு ஹாக்கி' என்று அடைமொழி சேர்க்கிறார்கள்!

நம் நாட்டிலும் இந்த ஆட்டம் உண்டு. லடாக்கில் குளிர்காலத்தில் குளங்கள் உறைந்து கெட்டியானதும் பிள்ளைகள் மட்டையோடு கிளம்பிவிடுவார்கள். 2025-ஆம் ஆண்டு மகளிர் ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்திய அணி வெண்கலம் வென்றது. அந்த அணியின் பெண்களில் பெரும்பாலோர் லடாக்கைச் சேர்ந்தவர்கள்.

இந்த விளையாட்டை முதலில் உங்களுக்கு அறிமுகம் செய்துவிடுகிறேன். அதன்மேல் எனக்கு ஒரு வழக்கு உண்டு; அதைப் பிறகு சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

சுமார் 60 மீட்டர் நீளமும் 26 முதல் 30 மீட்டர் வரை அகலமும் உள்ள களம். அதைச் சுற்றிலும் ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரத்தில் பலகைச் சுவர். நான்கு மூலைகளும் வளைவாக இருக்கும். கான்கிரீட் தரைக்குள் குழாய்களைப் பதித்து, அவற்றின் வழியே மிகக் குளிர்ந்த உப்புநீரையோ வேறு உறையாத் திரவத்தையோ ஓடவிட்டு, மேலே தண்ணீரை மெல்லிய படலம் படலமாகத் தெளித்து உறைய வைக்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டு உண்டாக்கும் பனிக்கட்டியின் தடிமன் சுமார் 3 செ.மீ. மட்டுமே. ஆட்டக்காரர்களின் காலணிகள் கீறிக் கீறி அது கரடுமுரடாகிவிடும். இடைவேளையில் ஒரு வண்டி வந்து மேற்பரப்பைச் சீவி எடுத்து, வெந்நீரைப் பூசிச் செல்லும். ஏன் வெந்நீர்? அது பழைய பனிக்கட்டியின் மேற்பரப்பைச் சற்றே உருக்கி, அதனோடு ஒன்றாகக் கலந்து உறையும். குளிர்ந்த நீர் ஊற்றினால் மேலே தனி ஏடாக நின்றுவிடும். இந்த வண்டியை 1949-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உருவாக்கியவர் ஃபிராங்க் ஸம்போனி. வண்டிக்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

ஒவ்வோர் அணியிலும் ஒரே நேரத்தில் களத்தில் இருப்பவர்கள் 6 பேர், கோல் காப்பாளர் உட்பட. 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகளாக ஆட்டம் நடக்கும். ஆட்டத்தை நிறுத்தாமலே ஆட்களை மாற்றிக்கொள்ளலாம் என்பது இதன் தனிச் சிறப்பு. ஒருவர் முக்கால் நிமிடம்போல முழு மூச்சாக ஆடிவிட்டு, பலகைச் சுவரைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார். அடுத்தவர் குதித்து இறங்குவார். தவறு செய்தவர் இரண்டு நிமிடமோ ஐந்து நிமிடமோ தனிக் கூண்டில் உட்கார வேண்டும். அதுவரை அவருடைய அணி ஓர் ஆள் குறைவாக ஆடும்.

பந்துக்குப் பதில் இங்கே இருப்பது 'பக்' என்னும் ரப்பர் வில்லை. 7.6 செ.மீ. விட்டம், 2.5 செ.மீ. தடிமன். எடை சுமார் 160 கிராம், ஏறத்தாழ ஒரு கிரிக்கெட் பந்தின் எடை. ஆட்டத்துக்கு முன் இதைக் குளிரூட்டி வைப்பார்கள். ரப்பர் குளிர்ந்தால் துள்ளுவது குறையும். வலுவாக அடிக்கும்போது மட்டை முதலில் பக்கைத் தொடுவதில்லை. அதற்குச் சற்று முன்னால் பனிக்கட்டித் தரையில் மோதி வில்போல் வளைகிறது. வளைவில் சேர்ந்த மீள் ஆற்றல் பக்கின்மேல் பாய்கிறது. 2012-இல் ஒரு திறன் போட்டியில் ஸ்டெனோ சாரா என்ற ஆட்டக்காரர் அடித்த பக் மணிக்கு 175 கி.மீ. வேகத்தில் பறந்தது.

விளையாட்டின் வயதைச் சொல்லவில்லையே! உறைந்த ஏரிகளில் மட்டையால் தட்டி ஆடுவது பழைய வழக்கம்தான். ஆனால் கூரைக்கு அடியில், ஆள் கணக்கோடு, அறிவிப்புச் செய்து நடந்த முதல் ஆட்டமாகப் பதிவாகியிருப்பது 1875 மார்ச் 3 அன்று கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நடந்தது. ஜேம்ஸ் கிரைட்டன் என்பவர் அதை ஏற்பாடு செய்தார். அணிக்கு 9 பேர். பந்து துள்ளிப் பார்வையாளர்கள்மேல் விழுந்துவிடக் கூடாதே என்று தட்டையான மரவில்லையைப் பயன்படுத்தினார்கள். முதல் நாளிலேயே பாதுகாப்பைப்பற்றி யோசித்திருக்கிறார்கள், பாருங்கள்! ஆனால் பார்வையாளர்களின் பாதுகாப்பைப்பற்றித்தான்.

இனி அறிவியலுக்கு வருவோம். பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது? பல புத்தகங்களில் ஒரு விடை உண்டு: காலணியின் தகடு குறுகலானது, அதன் அழுத்தத்தால் பனிக்கட்டியின் உருகுநிலை குறைகிறது, உருகிய நீரில் வழுக்குகிறோம் என்று. கேட்க அழகான விடை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவரின் எடை 60 கிலோகிராம். தகட்டில் தரையைத் தொடும் பகுதி 3 மி.மீ. அகலம், 10 செ.மீ. நீளம் என்று கொள்வோம். பரப்பு 3 சதுர செ.மீ. அப்படியானால் சதுர செ.மீ.க்கு 20 கிலோகிராம் எடை; அதாவது ஏறத்தாழ 20 வளிமண்டல அழுத்தம். ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு உருகுநிலை 0.0075 டிகிரிதான் குறையும். ஆக மொத்தம் 0.15 டிகிரி! தகட்டின் விளிம்பு மட்டுமே தரையில் பட்டு, பரப்பு பத்தில் ஒரு பங்கானாலும் ஒன்றரை டிகிரியைத் தாண்டாது. களத்தின் பனிக்கட்டியோ பூச்சியத்துக்கு 5, 6 டிகிரி கீழே இருக்கிறது. அழுத்தம் மட்டும் அதை உருக்கிவிடாது.

உண்மையில், பனிக்கட்டியின் மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகளைப் பிடித்துவைக்க மேலே வேறு மூலக்கூறுகள் இல்லை. அதனால் அவை உறைநிலைக்குக் கீழும் ஓரளவு தளர்ந்து, திரவம் போன்ற மெல்லிய படலமாக இருக்கின்றன. இப்படி ஒரு படலம் இருக்க வேண்டும் என்று மைக்கேல் ஃபாரடே 1850-லேயே கூறினார். தகடு உரசுவதால் பிறக்கும் வெப்பமும் அதற்குத் துணை செய்கிறது. பயன் என்ன? உராய்வு அவ்வளவு குறைந்துபோகிறது. காலால் ஓடும் ஆட்டங்களில் எளிதில் காண முடியாத வேகம் இதில் கிடைக்கிறது. ஓர் ஆட்டக்காரர் வினாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போவது பெரிய அணிகளில் சாதாரணம்.

அந்தக் குறைந்த உராய்வில்தான் என் வழக்கும் தொடங்குகிறது. வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வந்து ஒருவர் பலகைச் சுவரில் மோதினால் அது எவ்வளவு பெரிய மோதல்? உயரத்திலிருந்து விழும் பொருளின் சூத்திரத்தைப் போடுங்கள். வேகத்தின் வர்க்கத்தை 2g-ஆல், அதாவது 20-ஆல் வகுத்தால் 5 மீட்டர். மாடியின் கைப்பிடிச் சுவரிலிருந்து தரையில் விழுவதற்கு ஏறத்தாழச் சமம்! இப்படி மோதுவது இந்த ஆட்டத்தில் தற்செயலாக நிகழும் விபத்து மட்டும் அன்று. பக்கை வைத்திருப்பவர்மேல் தோளாலும் இடுப்பாலும் வேண்டுமென்றே மோதி, அவரிடமிருந்து அதைப் பிரிப்பது அனுமதிக்கப்பட்ட உத்தி. 'பாடி செக்' என்பார்கள். பெரியவர்களின் ஆட்டத்தில் இதற்குத்தான் கைத்தட்டல் அதிகம்.

இதற்கு மக்கள் கண்ட மாற்று, கவசம். அந்தக் கவசமும் எளிதில் வந்துவிடவில்லை. கோல் காப்பாளர்கள்கூட நெடுங்காலம் வெறும் முகத்தோடுதான் நின்றார்கள். 1959 நவம்பர் 1. நியூயார்க்கில் ஆட்டம். மாண்ட்ரியல் அணியின் கோல் காப்பாளர் ஜாக் பிளாண்டின் முகத்தில் பக் வந்து தாக்கிற்று. உள்ளே போய்த் தையல் போட்டுக்கொண்டார். பயிற்சியின்போது அணிந்துவந்த கண்ணாடி இழை முகமூடியைப் போட அனுமதித்தால்தான் திரும்ப வருவேன் என்றார். முகமூடி போட்டால் பார்வை மறையும், பயந்தவன் என்று எண்ணுவார்கள் என்பது அக்காலத்துப் பேச்சு. பயிற்சியாளருக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் அன்று மாற்றுக் கோல் காப்பாளர் வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லையே, என்ன செய்வார்? ஒப்புக்கொண்டார். மாண்ட்ரியல் 3-1 என்று வென்றது. அதன்பின் பிளாண்ட் முகமூடியைக் கைவிடவில்லை. சில ஆண்டுகளில் மற்றவர்களும் போட்டுக்கொண்டார்கள்.

தலைக்கவசத்தின் கதை இதைவிட வருத்தமானது. 1968 ஜனவரியில் மினசோட்டா அணியின் பில் மாஸ்டர்டன் ஒரு மோதலில் பின்புறமாக விழுந்து தலை தரையில் அடிபட, இரண்டு நாளில் இறந்தார். தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. அப்போதும் விதி வரவில்லை. வட அமெரிக்காவின் பெரிய போட்டித் தொடரான நேஷனல் ஹாக்கி லீக் 1979-இல்தான் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிற்று. அதுவும் புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டும். கவசமில்லாமல் ஆடிய கடைசி ஆட்டக்காரர் 1997-இல் ஓய்வு பெற்றார். ஓர் உயிர் போய், ஒரு தலைமுறை கழிந்த பிறகுதான் எல்லாத் தலைகளும் மூடப்பட்டன.

சரி, இப்போது எல்லாரும் அணிகிறார்களே, வழக்கு தீர்ந்ததா? தீரவில்லை. தலைக்கவசம் காப்பது எதை என்று பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் மெத்தை நசுங்குவதால், மோதல் சற்றுக் கூடுதல் நேரம் நீடிக்கிறது, விசை குறைகிறது, அது ஒரே இடத்தில் இறங்காமல் பரவுகிறது. மண்டையோடு பிளப்பதை இது நன்றாகத் தடுக்கிறது. ஆனால் மூளை?

ஒரு சிறு சோதனை செய்யுங்கள். கண்ணாடித் தம்ளரில் நீர் நிரப்பி, கொஞ்சம் தேயிலைத் தூளைப் போடுங்கள். தூள் அசையாமல் நின்றதும் தம்ளரைச் சட்டென்று அரைச்சுற்று திருப்புங்கள். தம்ளர் திரும்பும், தூள் நின்ற இடத்திலேயே நிற்கும். நிலைமம்! இப்போது தம்ளரைச் சுற்றித் துணியை எத்தனை மடிப்பு வேண்டுமானாலும் கட்டிக்கொண்டு மறுபடியும் திருப்புங்கள். உள்ளே நடப்பதில் மாற்றம் உண்டா?

மூளை தண்ணீர் அல்லதான். ஆனால் அது மிக மென்மையானது. பனங்காய்க்குள் இருக்கும் நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டையோட்டுக்குள் ஒரு திரவத்தில் அது மிதந்தாற்போல் இருக்கிறது. தலை சட்டென்று திருகப்படும்போது மண்டையோடு முந்துகிறது, மூளை பிந்துகிறது. உள்ளிருக்கும் நுண்ணிய நரம்பு இழைகள் இழுபடுகின்றன. தலைக்கவசமோ தலையோடு சேர்ந்தே திரும்புகிறது! இப்படி உண்டாகும் காயத்தை மூளை அதிர்ச்சி என்கிறார்கள். எலும்பு முறிந்திருக்காது, ரத்தம் வந்திருக்காது, சாதாரண ஸ்கேன் படத்திலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. தலைவலி, மயக்கம், மறதி, வெளிச்சத்தைக் கண்டால் கூச்சம், பாடத்தில் மனம் ஒட்டாமை ஆகியவை நாட்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். அது ஆறுவதற்குள் இன்னோர் அடி பட்டால் நிலைமை மோசம். பல்லாண்டு அடிபட்ட முன்னாள் ஆட்டக்காரர்கள் சிலரின் மூளையை இறந்தபின் ஆராய்ந்த பாஸ்டன் பல்கலைக்கழகத்தார், அவற்றில் நாள்பட்ட சிதைவு நோயைக் கண்டிருக்கிறார்கள்.

ஆகவே என் வழக்கு இதுதான்: தலைக்கவசத்தைத் தடிப்பாக்கிக்கொண்டே போவது விடை அன்று. மாற்ற வேண்டியது விதியை. வளரும் பிள்ளைகளின் ஆட்டத்தில் வேண்டுமென்றே மோதி வீழ்த்துவதற்கு இடமே இருக்கக் கூடாது.

வெறும் கருத்துத்தானே என்பீர்கள். சான்று இருக்கிறது, அதுவும் அழகான சான்று. கனடாவில் ஆல்பர்ட்டா மாநிலத்தில் 11, 12 வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தில் மோதி வீழ்த்த அனுமதி இருந்தது. கியூபெக் மாநிலத்தில் அதே வயதினருக்கு அனுமதி இல்லை. அதே விளையாட்டு, அதே வயது, இரு பக்கமும் தலைக்கவசமும் முழு முகக் காப்பும் கட்டாயம். பெரிய வேறுபாடு இந்த விதி ஒன்றுதான். சோதனைச் சாலையில் வேண்டுமென்றே பிள்ளைகளை மோதவிட்டுப் பார்க்க முடியுமா? கூடாது. ஆனால் இரு மாநிலங்களும் தாமாகவே ஒரு சோதனையை நடத்திக்கொண்டிருந்தன! கரோலின் எமெரியும் அவருடைய குழுவினரும் 2007-08 பருவம் முழுவதும் இரு இடங்களிலும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கணக்கெடுத்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள்.

ஆல்பர்ட்டாவில் 85,077 ஆட்ட, பயிற்சி மணிகளில் 241 காயங்கள். அவற்றில் 78 மூளை அதிர்ச்சி. கியூபெக்கில் 82,099 மணிகளில் 91 காயங்கள். மூளை அதிர்ச்சி 23. ஆயிரம் மணிக்கு எத்தனை என்று வகுத்துப் பாருங்கள். மூளை அதிர்ச்சி ஆல்பர்ட்டாவில் ஏறத்தாழ 0.92, கியூபெக்கில் 0.28. மூன்று மடங்குக்கு மேல்! தலையில் இருந்தது இரு பக்கமும் ஒரே வகைக் கவசம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அமெரிக்கா 2011-லும் கனடா 2013-லும் இந்த வயதினருக்குப் பாடி செக்கைத் தடை செய்தன. அதன்பின் ஆல்பர்ட்டாவில் மறுபடி கணக்கெடுத்தபோது காயங்கள் சுமார் பாதியாகக் குறைந்திருந்தன. மூளை அதிர்ச்சி அதைவிடவும் குறைந்திருந்தது. எந்தப் புதுக் கவசமும் இதைச் செய்யவில்லை. ஒரு வரி விதி செய்தது.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டும். "சிறு வயதிலேயே மோதலைத் தாங்கப் பழகாவிட்டால், பின்னால் திடீரென்று மோதும்போது அதிகம் அடிபடுமே?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. இதையும் அதே குழு ஆராய்ந்தது. 13, 14 வயதில், முன்பே பழகியவர்களையும் பழகாதவர்களையும் ஒப்பிட்டு 2011-இல் வெளியிட்டார்கள். மொத்தக் காயங்களிலும் மூளை அதிர்ச்சியிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் ஆட முடியாமல் செய்த காயங்கள், முன்பே பழகியவர்களிடம் ஓரளவு குறைவாக இருந்தன. எதிர்க்கட்சிக்கு இது ஒரு மதிப்பெண், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 11 வயதில் மூன்று மடங்கு அடிபட்டு அந்தப் பழக்கத்தை விலைக்கு வாங்க வேண்டுமா? 13 வயதிலும் மோதலைத் தள்ளிப்போட்டால் அந்தப் பழக்கத்துக்கே தேவை இராதே!

இன்னொரு வாதம், மோதல் இல்லாவிட்டால் ஆட்டம் சப்பென்று போய்விடும் என்பது. இதை நான் ஏற்கமாட்டேன். ஒலிம்பிக்கில் பெண்கள் ஆட்டத்தில் பாடி செக் நெடுங்காலம் குற்றமாக இருந்தது. 1998 முதல் பல ஒலிம்பிக்குகளில் அது அப்படித்தான் நடந்தது. அதில் அமெரிக்காவும் கனடாவும் மோதும் இறுதிப் போட்டியைப் பார்த்தவர் யாரும் சப்பென்று இருக்கிறது என்று சொல்லமாட்டார். பெரியவர்கள், விளைவு தெரிந்து, தாமே விரும்பி மோதிக்கொள்வது வேறு. அதில்கூட முஷ்டிச் சண்டைக்கு ஐந்து நிமிடக் கூண்டோடு விட்டுவிடுவது எனக்கு விளங்காத தாராளம்.

13, 14 வயதில் தேர்ந்த அணிகளில் மோதல் இன்னும் அனுமதிக்கப்படும் இடங்கள் கனடாவில் உண்டு. அந்த வயது எத்தகையது என்று உங்களுக்கே தெரியும். உங்கள் வகுப்பைச் சுற்றிப் பாருங்கள். மீசை அரும்பி, 70 கிலோகிராம் எடையோடு கடைசி வரிசையில் ஒருவன். இன்னும் வளர்ச்சி தொடங்காமல் 35 கிலோகிராமில் முதல் வரிசையில் ஒருவன். இருவரையும் ஒரே பனிக்கட்டித் தரையில் விடுங்கள். பெரியவன் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வந்து, நின்றுகொண்டிருக்கும் சிறியவன்மேல் மோதுகிறான். காலை ஊன்றித் தாங்கிக்கொள்ள உராய்வு இல்லை. எனவே உந்த அழிவின்மை விதி ஏறக்குறைய அப்படியே பொருந்தும். இருவரும் ஒட்டிக்கொண்டு நகர்வதாகக் கொண்டால், 350-ஐ 105-ஆல் வகுக்க, வினாடிக்கு 3.33 மீட்டர். பெரியவனின் வேகம் மாறியது 1.67 மீட்டர்; சிறியவனுடையது 3.33 மீட்டர். சரியாக இரண்டு மடங்கு.

சிறியவனும் எதிரே அதே 5 மீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தால்? உந்தங்களைக் கழித்து வகுத்துப் பாருங்கள். மோதிய நொடியில் அவனுடைய வேகம் வினாடிக்கு 6.67 மீட்டர் மாறிவிடும். வர்க்கப்படுத்தி 20-ஆல் வகுத்தால் 2.2 மீட்டர். உங்கள் வகுப்பறைக் கதவின் மேல்சட்டத்துக்குச் சற்று மேலிருந்து விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.